மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்

பூனையக்கா என்பது வேலையிடத்தில் அவளுக்கு வைத்த பெயர். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஆறு மாடி ஹோட்டலில் நான்காவது மாடி அவள் பொறுப்பு. படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், குளியலறை தேய்க்க வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும், குப்பைக் கூடையைக் காலி செய்ய வேண்டும். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். சத்தமில்லாமல் செய்வதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். அவள் வாளியைத் தரையில் வைத்தால் வைத்தது தெரியாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வாளியின் ஓரத்தை ஒட்டி நூல் போல இறங்கும். பக்கத்து அறையில் இரவெல்லாம் பயணம் செய்துவிட்டு யாராவது பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள் அல்லவா. வந்ததும் தெரியாது போனதும் தெரியாது என்று சொல்லி சூப்பர்வைசர்தான் அந்தப் பெயரை வைத்தார். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்த வேலையில் பாராட்டு என்று ஒன்று கிடையாது. நன்றாகத் துடைத்த கண்ணாடியை யார் பார்க்கிறார்கள்? அதில் தெரியும் தங்கள் மூஞ்சியைத்தான் பார்க்கிறார்கள். புகார் வரவில்லை என்றால் அன்றைய வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே ஒருமுறை அவளுக்குப் பாராட்டு கிடைத்தது. ஓர் அறையைத் தட்டினாள், பதில் இல்லை. இன்னொரு தடவை தட்டிவிட்டுச் சாவி போட்டுத் திறந்து உள்ளே போனால், குளியலறையில் தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் கோட்டு சூட்டோடு ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். அவர் இவளைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள். வந்த வழியே பின்னால் நகர்ந்து, கைப்பிடியை அழுத்தியபடியே கதவைச் சாத்தி, சத்தம் வராமல் விட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த மனிதர் பார்த்திருக்கிறார். கிளம்பும்போது அவராகவே மேனேஜரிடம் போய், அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்களிடமெல்லாம் சூப்பர்வைசர் இதைச் சொல்வார். "பாத்தாலும் பாக்காத மாதிரி போயிடணும். பூனையக்காகிட்டக் கத்துக்கங்க."

அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார், மீதி நாள் தூக்கத்தில் இருப்பார். ஒரே மகள். அந்த மகளைப் பற்றித்தான் இந்தக் கதை என்று சொல்ல ஆசைதான். ஆனால் பூனையக்காவைத் தாண்டி அவளிடம் போக வழியில்லை.

மகள் முதலில் படித்தது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வகுப்புக்கு இருபது பிள்ளைகள் தேறினால் அதிகம். அங்கே அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் வாசலில் நுழையும்போது ஆரம்பித்தால் மாலையில் வீட்டுப் படியேறும் வரை நிற்காது. எதிர் வீட்டு நாய் தும்மியதிலிருந்து கணக்கு டீச்சரின் செருப்பு வார் அறுந்தது வரை எல்லாம் செய்தியாக வரும். ஒருநாள் காய்கறிக் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது அந்த டீச்சர் பூனையக்காவைப் பார்த்து, "உங்க வீட்டு ரேடியோவுக்கு ஒரு சுவிட்ச் வைங்கம்மா, காது வலிக்குது" என்றார். கடைக்காரன் சிரித்தான், நின்றவர்களும் சிரித்தார்கள். டீச்சர் ஆசையாகத்தான் சொன்னார். இன்னும் சொல்லப்போனால் அந்தப் பெண் ஒருநாள் வராவிட்டால் வகுப்பு வெறிச்சென்று இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். பூனையக்கா காதில் அதெல்லாம் ஏறவில்லை. அவளைப் பொறுத்தவரை அது புகார். பத்துப் பேர் முன்னால் வந்த புகார்.

அடுத்த வருடம் மகளுக்குப் பெரிய பள்ளியில் இடம் கிடைத்தது. கிடைத்தது என்றால் சும்மா இல்லை, தவமாய்த் தவமிருந்து கிடைத்தது. பூனையக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் காலை சீருடையின் காலரை இழுத்துச் சரிசெய்தபடி மகளிடம் சொன்னாள்.

"இதோ பாரு. இது பழைய ஸ்கூல் மாதிரி இல்ல. அங்க உன் சத்தம் வெளிய கேக்கக் கூடாது. ஒருத்தர்கூட உன்னைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. புரியுதா?"

"சரிம்மா."

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று உலகமே புலம்புகிறது. இந்தப் பெண் கேட்டுத் தொலைத்தாள்.

அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு பெரிய கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மணி. மூவாயிரம் பிள்ளைகள் என்றார்கள். யார் எண்ணிப் பார்த்தார்களோ. ஒரே வகுப்பில் பதினோரு பிரிவுகள். பெற்றோருக்குக் கேட் வரைதான் அனுமதி. கேட்டில் ஒரு காவலாளி இருப்பார், அவருக்குத் தெரிந்த ஒரே பதில் "போன்ல கேளுங்க" என்பது. போன் செய்தால் ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்தச் சொல்லும், ஒன்றை அழுத்தினால் மூன்றை அழுத்தச் சொல்லும், மூன்றை அழுத்தினால் பாட்டுப் போடும். பாட்டை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு இணைப்பு துண்டிக்கப்படும். நம்முடைய பிள்ளையை நாமே கொண்டுபோய் விட்டுவிட்டு, நன்றாக இருக்கிறாளா என்று கேட்க இத்தனை பொத்தான்களை அழுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் சில மாதங்கள் பூனையக்கா நிம்மதியாகத்தான் இருந்தாள். ஹோட்டல் சமையலறையில் காய் நறுக்கும் அக்காவின் மகனும் அதே பள்ளிதான், அவனுக்கு வாராவாரம் அழைப்பு வரும். ஜன்னல் கண்ணாடியை உடைத்தான், யாரையோ அடித்தான், டெஸ்க்கில் பெயரைச் செதுக்கினான். காய் நறுக்கும் அக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவாள். பூனையக்காவுக்கு ஒரு அழைப்பும் இல்லை.

"நீ குடுத்து வெச்சவ. எனக்கு அந்த ஸ்கூல் ஆபீஸ் நாற்காலி எல்லாம் மனப்பாடம்" என்பாள் அந்த அக்கா.

"என் பொண்ணு இருக்கற இடமே தெரியாதுக்கா."

வாய் நிறையச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு எத்தனையோ தடவை அந்த வாக்கியம் அவளுக்கே ஞாபகம் வந்தது.

வீட்டில் ரேடியோ நின்றுபோனது. ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. மகள் வருவாள், சீருடையை மாற்றுவாள், படிப்பாள், சாப்பிடுவாள். மதியம் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா பள்ளியிலேயே கழுவித் துடைத்துப் பளபளவென்று வரும். பூனையக்கா அதைத் திறந்து பார்த்து, இந்த வயதில் என்ன பொறுப்பு என்று மெச்சிக்கொள்வாள்.

"இன்னிக்கு என்னடி நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"யாரு கூட உக்காந்து சாப்பிட்ட?"

"எல்லாரும்தான்."

லாரிக்காரர் போனில் கேட்பார், "ரேடியோ என்ன சொல்லுது?" போனை மகளிடம் கொடுத்தால், "நல்லா இருக்கேன்ப்பா, பாத்து ஓட்டுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வளர்ந்துவிட்டாள், இந்த வயதில் இப்படித்தான் என்று அவர் சமாதானம் சொல்வார். பூனையக்காவும் சரி என்பாள். ஆனால் அவளுக்கு உள்ளே உறுத்த ஆரம்பித்தது. அவளுக்கு மதிப்பெண் தெரிய வேண்டியதில்லை, ரேங்க் தெரிய வேண்டியதில்லை. அத்தனை பெரிய பள்ளிக்கூடத்தில் தன் மகளோடு பேச ஒரு ஆளாவது இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும். அதைக் கேட்க எந்த எண்ணை அழுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெற்றோர் கூட்டம் என்று ஒரு நாள் அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. பெரிய மண்டபத்தில் மேஜைகளைப் போட்டு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் வரிசை. தலைக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. பூனையக்கா சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் வாங்கி, இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு போயிருந்தாள். வரிசையில் நிற்கும்போது கேள்வியை மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வகுப்பு ஆசிரியை சின்ன வயதுக்காரி, களைத்துப்போயிருந்தாள். பூனையக்கா மகளின் பெயரைச் சொன்னதும் மேஜை மேலிருந்த, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதிய காகிதத்தில் விரலை ஓட்டி, "மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். சரிதானே?" என்றாள்.

பூனையக்காவுக்கு அது தெரியாது. மகள் அதைக்கூடச் சொன்னதில்லை. "ஆமா மிஸ்" என்றாள்.

ஆசிரியையின் களைத்த முகம் மலர்ந்தது. "அய்யோ, அவளா! உங்க பொண்ணு இல்லன்னா என் கிளாஸே டல்லுங்க. என்ன பேச்சு, என்ன பேச்சு. ஓட்டத்துல வேற பேரு குடுத்திருக்கா, பி.டி. மாஸ்டர் விடவே மாட்டேங்குறார். சாப்பாட்டு நேரத்துல சுத்தி ஒரு கூட்டமே உக்காந்திருக்கும். கொஞ்சம் வாயை மட்டும் குறைச்சுக்கச் சொல்லுங்க. மத்தபடி தங்கம்."

பூனையக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கேட்க வந்த கேள்விக்குக் கேட்காமலே பதில் வந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பிவிட்டு வந்துவிட்டாள். பின்னால் நின்றவர் அவளைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டுதான் மேஜைக்குப் போனார். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கள்ளி. உங்க மிஸ் எல்லாம் சொல்லிட்டாங்க."

மகளின் கை தட்டிலேயே நின்றது. "என்ன சொன்னாங்க?"

"வாய் ஓயாம பேசுறியாமே. உன்னைச் சுத்தி ஒரு கூட்டமாமே. வீட்டுல மட்டும் உம்முனு இருக்க. ஓட்டப் பந்தயத்துல வேற பேரு குடுத்திருக்க, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அவங்களா சொன்னாங்க? என்னையா?"

"மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். நீதானே?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் தலையைக் குனிந்து சொன்னாள்:

"நான்தான். கொஞ்சம் குறைச்சுக்கறேன்ம்மா."

"ஒண்ணும் குறைக்க வேணாம். பேசு. நல்லா பேசு."

அன்றிலிருந்து ரேடியோ மறுபடியும் பாட ஆரம்பித்தது. தினமும் சாப்பிடும்போது ஒரு செய்தி வரும். இன்றைக்கு எல்லாரும் சேர்ந்து பி.டி. மாஸ்டரின் விசிலை ஒளித்து வைத்தோம். இன்றைக்கு வேதியியல் ஆய்வகத்தில் ஒருத்தி முடியைக் கருக்கிக்கொண்டாள், நான்தான் தண்ணீர் ஊற்றினேன். இன்றைக்கு நூறு மீட்டரில் முதலாவதாக வந்தேன். பூனையக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். லாரிக்காரர் எங்கோ ஒரு சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் கேட்பார், கேட்டுவிட்டுப் பக்கத்து லாரிக்காரரிடம் சொல்வார். அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது ஓடுவதற்கென்றே விற்கிற காலணி ஒரு ஜோடி வாங்கி வந்தார். மகள் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

அந்தக் காலணியில் ஒரு விஷயம் இருந்தது. ஹோட்டல் அறையில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தே எவ்வளவு தூரம் நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவள் பூனையக்கா. மகளின் காலணி அடிப்பகுதி ஒரு மாதம் கழித்தும் புத்தம் புதிதாக இருந்தது. ஒருநாள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புல்லு மேலயா ஓடுறீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா, புல்லு" என்றாள் மகள். அதற்கடுத்த வாரத்திலிருந்து அடிப்பகுதி தேய ஆரம்பித்தது. பூனையக்கா அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லாதவர்களுக்குக் கண் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன.

இரண்டு மாதம் இப்படியே நன்றாகப் போனது. ஒருநாள் காய் நறுக்கும் அக்கா கேட்டாள், "நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே. நீ வரலியா? பெத்தவங்களும் வரலாமே. என் புள்ள கயிறு இழுக்கறான்."

மகள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை கேட்டபோது, "அது சும்மா சின்னதும்மா. யாரும் வர மாட்டாங்க. நீ லீவெல்லாம் போடாத" என்றாள். அம்மாவின் சம்பளம் போகக் கூடாது என்று பார்க்கிறாள், பாவம் என்று பூனையக்கா நினைத்துக்கொண்டாள். சரி, போகவில்லை என்று சொல்லிவிட்டு, கமுக்கமாக மூன்றாவது மாடிக்காரியோடு முறையை மாற்றிக்கொண்டாள். திடீரென்று போய் நின்று கைதட்டினால் மகளின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்கெல்லாம் நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காவலாளி முதல்முறையாக அவளை உள்ளே விட்டார். மைதானத்தைச் சுற்றிப் படிப்படியாக உட்காரும் இடம். அப்படி ஒரு கூட்டத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. யாரும் வர மாட்டார்கள் என்றாளே என்று ஒரு நொடி தோன்றியது. ஒலிபெருக்கியில் மகளின் வகுப்பையும் பிரிவையும் சொல்லி, பெண்களுக்கான ஓட்டம் என்றார்கள். பூனையக்கா எழுந்தே நின்றுவிட்டாள். கோட்டில் ஆறு பெண்கள் குனிந்து நின்றார்கள். அந்த ஆறு பேரில் அவள் மகள் இல்லை.

விசில் ஊதியது. நெட்டையாக ஒரு பெண் எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து வந்தாள். வகுப்பு ஆசிரியை கோட்டோரமாகக் கூடவே ஓடிக் கத்திக்கொண்டிருந்தாள். நெட்டைப்பெண் கடைசியில் ஒரு கணம் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் யாரையோ தேடினாள், அந்த ஒரு கணத்தில் இன்னொருத்தி முந்திவிட்டாள். இரண்டாவது. அதற்கும் அவள் சிரித்தாள். அவள் தேடிய அம்மா படியிலிருந்து இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சுற்றிலும் பிள்ளைகள் மொய்த்தார்கள்.

பூனையக்கா மெல்ல இறங்கி ஆசிரியையிடம் போனாள்.

"மிஸ், என் பொண்ணு எப்ப ஓடுவா?"

"உங்க பொண்ணு...?"

"மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். நீங்கதானே சொன்னீங்க, ஓட்டத்துல பேரு குடுத்திருக்கான்னு. நல்லா பேசுவான்னு."

ஆசிரியை நெட்டைப்பெண்ணைப் பார்த்தாள், அவளைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள், பிறகு பூனையக்காவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஓ. நீங்க இவ பக்கத்துல உக்கார்ற... அந்தப் பொண்ணோட அம்மாவா?" பெயரைத் தேடினாள், கிடைக்கவில்லை. "அது ரொம்ப நல்ல பொண்ணும்மா. அமைதி. ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட வந்ததில்ல."

"அவ யாருகூடயாவது பேசுவாளா மிஸ்?"

"பேசுவாளே. பேசுவான்னுதான் நினைக்கிறேன்."

"இன்னிக்கு வந்திருக்காளா?"

"வந்திருப்பா. இங்கதான் எங்கயாவது இருப்பா."

அதற்குள் யாரோ கூப்பிட, ஆசிரியை போய்விட்டாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஐம்பத்தாறு பிள்ளைகளில் சத்தம் போடுகிறவர்களைத்தான் கண் பார்க்கும். ஆனால் எனக்கு அவள்மேல் வருகிற ஆத்திரம் குறையவில்லை. ஒரு தாய் இரண்டு மாதம் யாரோ பெற்ற பிள்ளையை நினைத்து வயிறு குளிர்ந்திருக்கிறாள். அதைக் கொடுத்தவளுக்குத் தான் கொடுத்ததே தெரியாது.

பூனையக்கா கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினாள். இல்லை. மைதானத்துக்குப் பின்னால் இருந்த கட்டடத்துக்குள் நுழைந்தாள். எல்லோரும் வெளியே இருந்ததால் தடுக்க ஆளில்லை. நீளமான நடை, இரண்டு பக்கமும் கதவுகள். அவளுக்குப் பழகிய இடம் மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து, மூடி, அடுத்ததற்குப் போனாள். மாடி மாடியாக ஏறினாள். கடைசி மாடிக்கு மேலே மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு ஒன்று இருந்தது, அதன் உச்சியில் பூட்டிய கதவு. பாதிப் படியில் ஒரு சின்ன ஜன்னல். அங்கே இருந்தாள் மகள்.

கீழ்ப்படியில் பூனையக்கா நின்றுவிட்டாள். மகளின் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் கழுவித் துடைத்த டப்பா. அடுத்து ஒரு துணி, துடைக்க. ரொம்ப நாளாகப் புழங்குகிற இடம் என்று பார்த்ததுமே தெரிந்தது, படியில் அவள் உட்காரும் அளவுக்கு மட்டும் தூசி இல்லை. ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, அப்பா வாங்கிக் கொடுத்த காலணியைக் கையில் பிடித்து, அடிப்பகுதியைச் சிமென்ட் படியின் விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தேய்த்து முடித்துத் திருப்பிப் பார்த்தாள், மற்றதை எடுத்தாள். தேய்த்தபடியே வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவதும்மா... கடைசில திரும்பிட்டேன்... ரெண்டாவதுதான்ம்மா..."

இரவில் சொல்ல வேண்டியதை அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் சாப்பாட்டின்போது வந்த செய்தியெல்லாம் வகுப்பிலும் இந்த ஜன்னலிலும் இருந்து அந்த நெட்டைப்பெண்ணைப் பார்த்து எடுத்தவை என்று பூனையக்காவுக்கு அப்போது விளங்கியது.

நாலு படி ஏறினால் மகள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஏறிப் போய் வாரி அணைத்துக்கொண்டிருக்கலாம், நானாக இருந்தால் ஓவென்று அழுதே இருப்பேன். பூனையக்காவுக்கு என்ன தோன்றியது தெரியுமா? இப்போது நான் இங்கே நிற்பதைப் பார்த்தால் இந்தப் பெண்ணின் முகம் என்ன ஆகும் என்று தோன்றியது. இத்தனை நாள் இவ்வளவு பாடுபட்டு மூடி வைத்ததை நான் திறந்து பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் கூசிப்போவாளே என்று தோன்றியது. ஹோட்டலில் பதினேழு வருடமாக அவள் கற்ற வித்தை ஒன்றுதான். கால் தானாகப் பின்னால் நகர்ந்தது. படியில் ஒரு சத்தம் இல்லை. இறங்கி, நடையைக் கடந்து, கூட்டத்தைக் கடந்து, கேட்டைக் கடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாலையில் மகள் வந்தாள். உடை மாற்றினாள், டப்பாவை மேடையில் வைத்தாள், காலணியை அடிப்பகுதி தெரியும்படி சாய்த்து வைத்தாள். பூனையக்கா சாப்பாடு போட்டாள். ஒன்றும் கேட்கக் கூடாது, எப்போதும் போலக் கேட்டுத் தலையாட்ட வேண்டும், பிறகு மெல்ல ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"ரெண்டாவதும்மா" என்றாள் மகள், நன்றாகவே சொன்னாள். "முதல்ல நான்தான் முன்னாடி. கடைசில ஒரு செகண்ட் திரும்பிட்டேன்."

"ஏன் திரும்பின?"

"சும்மா. ஒருவேளை நீ வந்திருப்பியோன்னு பாத்தேன்."

இதை மட்டும் பூனையக்காவால் தாங்க முடியவில்லை. முடிவெல்லாம் எங்கேயோ போனது.

"வந்திருந்தேன்டி" என்றாள்.

மகள் நிமிர்ந்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, எடுக்க மறந்துவிட்டாள். "எங்க உக்காந்திருந்த? கேலரிலயா?"

"மேல வந்தேன். மாடிப்படிக்கு."

பூனையக்கா அழுகையை எதிர்பார்த்தாள், கோபத்தை எதிர்பார்த்தாள். பொய் சொன்னதற்கு மகள் மன்னிப்புக் கேட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடத் தயாராக இருந்தாள். மகள் அதெல்லாம் செய்யவில்லை. புரியாத ஒரு கணக்கைப் பார்ப்பது போல அம்மாவைப் பார்த்தாள்.

"என்னைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா கூப்பிடாம போன?"

பூனையக்கா வாயைத் திறந்தாள். நீ கூசிப்போவாய் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். ஆனால் மூவாயிரம் பேர் பார்க்காமல் போனார்கள். பார்த்தும் போனது அவள் ஒருத்திதான்.

மகள் பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். பூனையக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டைப் போட்டு உடைத்தாலும் பரவாயில்லை, ஏதாவது சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். மகள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் தட்டின் ஓரத்தை ஒட்டி நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது. குழாயை அப்படித் திறக்க பூனையக்காதான் கற்றுக் கொடுத்திருந்தாள்.